சிறுநீர் தே ஓ நிறத்தில் போனால், அது 'சூடு' இல்லை

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. கிளினிக் திறந்த பத்தாவது நிமிடம் ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். கணவருக்கு 47 வயது. இரண்டு கைகளையும் என் மேசையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவரால் நாற்காலியில் உட்கார முடிந்தது.

"சனி ஞாயிறு சைக்கிள்ல மலாக்கா வரைக்கும் போனாரு டாக்டர். உடம்புல சூடு ஏறிடுச்சு. ஒரு நாளைக்கு மூணு இளநீர் குடுக்கறேன், இன்னும் இறங்கல" என்றார் மனைவி.

சிறுநீர் எடுத்துவரச் சொன்னேன். குவளையில் வந்தது கோப்பிக்கடையில் பால் ஊற்றாமல் தரும் தேநீரான தே ஓவின் நிறம். பரிசோதனைப் பட்டையைத் தோய்த்தேன். ரத்தத்துக்கான மஞ்சள் கட்டம் ஒரு நிமிடத்துக்குள் கரும்பச்சையாகிவிட்டது. ரத்தம் போகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. உடைந்த தசையிலிருந்து கசிகிற மயோகுளோபினையும் ரத்தத்தையும் அந்தப் பட்டைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. (இளம் மருத்துவர்கள் இந்த இடத்தில்தான் 'சிறுநீர்க் கிருமித்தொற்று' என்று எழுதி ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தொடையை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், போதும்.)

அவருடைய தொடை கல் மாதிரி இருந்தது. நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறுகிற நொதி சிகே. சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்க வேண்டிய அதன் அளவு அவருக்கு 40,000ஐத் தாண்டியிருந்தது. ஐந்து நாள் டிரிப் ஏற்றினார்கள். டயாலிசிஸ் தேவைப்படாமல் தப்பித்தார்.

இந்த நோய்க்கு ரேப்டோமயோலிசிஸ் என்று பெயர், அதாவது தசைச் சிதைவு. இந்த ஆண்டில் என்னிடம் இப்படி வந்த நான்காவது ஆள் இவர். நான்கு பேருமே வீட்டில் இரண்டு மூன்று நாள் 'சூடு இறக்கிவிட்டு'த்தான் வந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பயணத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஜோகூர் பாருவிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தால் பொந்தியான், பத்து பகாட், மூவார் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு மலாக்கா போய்ச் சேரலாம். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம், கிராமத்து வீடுகள், பழைய கடைவீட்டு வரிசைகள். மூவாரில் ஆற்றை ஒட்டி சுல்தான் இப்ராகிம் பள்ளிவாசல் நிற்கிறது. மலாக்காவில் அங்கேயே வேரூன்றிய தமிழ் வம்சாவளிச் செட்டி மக்கள் 1781ல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. நானும் ஓட்டிப் பார்த்த பாதைதான்.

ஆனால் அது தட்டையான சாலை. தட்டை என்றால் சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மேடு ஏறுகிறவனுக்கு இறக்கத்தில் காலை ஓய்வாக வைத்திருக்க ஒரு நிமிடமாவது கிடைக்கும். தட்டைச் சாலையில் மணிக்கணக்காக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிலும் குழுவில் முன்னால் போகிறவரின் சக்கரத்தை விடாமல் ஒட்டிப் போகிறவருக்கு நிறுத்தவே மனம் வராது.

இவர் இங்கே சிங்கப்பூரில் வழக்கமாக ஓட்டுவது லிம் சூ காங், நியோ தியூ, கிராஞ்சி என்று ஒரு சுற்று, 35 கிலோமீட்டர். காலை எட்டரைக்குள் வீடு. அன்றைக்கு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசை. மிதிக்கத் தொடங்கவே எட்டு மணியாகிவிட்டது. நடுப்பகலில் பொந்தியானுக்கும் பத்து பகாட்டுக்கும் நடுவே, நிழலே இல்லாத சாலையில் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அன்று ஒரே நாளில் 120 கிலோமீட்டருக்கு மேல். இரவே தொடை வீங்கிவிட்டது. மறுநாள் பசியாறும்போது டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு மலாக்கா வரை மிதித்திருக்கிறார். பத்து நாள் முன்பு காய்ச்சல் வந்து போயிருக்கிறது. இரண்டு வருடமாகக் கொழுப்புக்கு ஸ்டாட்டின் வேறு. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, தசைச் சிதைவுக்கான காரணங்களை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி, இந்தச் 'சூடு' விஷயத்துக்கு வருகிறேன்.

வெயிலில் அலைந்தால் சிறுநீர் மஞ்சளாகிக் கடுக்கும். நீர்ச்சுருக்கு என்போம். அது உடம்பில் நீர் குறைந்ததால் வருவது. தண்ணீர், மோர், பார்லி எது குடித்தாலும் சில மணி நேரத்தில் நிறம் வெளுத்துவிடும். அதைத்தான் நம் பாட்டிமார்கள் சூடு என்றார்கள், அதற்கு அவர்கள் சொன்ன வைத்தியமும் தவறில்லை. எனக்கு அவர்களோடு சண்டையே கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறோமே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அடர்மஞ்சள் வேறு, பழுப்பு வேறு. மஞ்சள் எவ்வளவு அடர்ந்தாலும் மஞ்சள்தான். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தே ஓ, கோலா, கருஞ்சிவப்பு என்று போனால் அதில் கலந்திருப்பது உங்கள் தசையாக இருக்கலாம். அப்படியென்றால் அதை வடிகட்ட முடியாமல் சிறுநீரகம் திணறிக்கொண்டிருக்கிறது. சீரகத் தண்ணீரும் எண்ணெய்க் குளியலும் அங்கே எட்டாது. நிறத்தோடு தசை வலியும் வீக்கமும் இருந்து, சிறுநீரின் அளவும் குறைந்தால் மறுநாள் வரைகூடக் காத்திருக்காதீர்கள். தசை வலி மட்டும் இருந்து நிறம் மாறாதவர்களும் உண்டு. படி இறங்க முடியாத அளவுக்கு வலித்தால் அதுவே வருவதற்குப் போதுமான காரணம்.

இளநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கப் இளநீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நன்றாக இருக்கிறவருக்கு அது நல்லதுதான். ஆனால் தசை சிதையும்போது அதற்குள் இருந்த பொட்டாசியம் ஏற்கெனவே ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது, அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமும் முடங்கிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் மேலும் மேலும் ஊற்றினால் இதயத் துடிப்பே தடுமாறிப்போகும். அந்த அம்மா அன்போடுதான் வெட்டிக் கொடுத்திருக்கிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனமிக் எதையும் நீண்ட ஓட்டத்துக்கு முன்போ, நடுவிலோ, அன்றிரவோ போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ரத்த அழுத்த மாத்திரையோ நீர் மாத்திரையோ எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். வலி என்றால் உடம்பு நிறுத்தச் சொல்கிறது, அவ்வளவுதான். நிறுத்துங்கள்.

ஸ்டாட்டின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பெரிய பயணத்துக்கு முன்பு என்னிடமோ உங்கள் மருத்துவரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். காய்ச்சல் வந்து எழுந்தவர் இரண்டு வாரமாவது நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். ஹோட்டலுக்குக் கட்டிய பணம் வீணாகும் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

35 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர் அடுத்து 120க்குத் தாவக் கூடாது. 45, 60, 75 என்று வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் ஓட்டியும் பழக வேண்டும். இங்கே புறப்படும் முன் வானிலைப் பக்கத்தில் வெப்ப அழுத்த அளவைப் பாருங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் 2023லிருந்து அதை வெளியிடுகிறது. 33 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் 'அதிகம்'. அது சாதாரண வெப்பமானியின் கணக்கு இல்லை, ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்துப் பார்ப்பது. சைக்கிளில் காற்று முகத்தில் அடிப்பதால் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுகிறது, வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நின்று ஜெர்சியைத் தொட்டுப் பாருங்கள், உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும்.

கூட வருகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு. நிழலில் படுக்க வைத்து, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் ஊற்றி, விசிறி, முதலில் உடம்பைக் குளிர வையுங்கள். இங்கே என்றால் 995, மலேசியாவில் 999. ஆம்புலன்ஸ் வரும் வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

குழுவை நடத்திப் போகும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்தங்குகிறவரைக் கிண்டல் செய்யாதீர்கள். உதவி வேனில் ஏறுவது தோல்வி என்று ஒரு புதியவர் நினைத்தால், அந்த நினைப்பை அவருக்குக் கொடுத்தது நீங்கள்தான். பத்து பகாட்டில் அந்தக் காலையில் யாராவது ஒருவர், "வேன்ல ஏறுங்க, மூவார்ல இறங்கி எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லியிருந்தால் அவர் ஏறியிருப்பார். நான் கேட்டேன். "யாரும் சொல்லல டாக்டர்" என்றார்.

போன வாரம் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். சிகே 300க்கு வந்துவிட்டது, சிறுநீரகமும் தேறிவிட்டது. சைக்கிள் இன்னும் வீட்டு வாசல் தாழ்வாரத்தில் பூட்டித்தான் இருக்கிறதாம். அடுத்த மாதம் முதல் பத்துக் கிலோமீட்டர், காலை ஏழு மணிக்குள் என்று எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது அந்த அம்மா தயங்கித் தயங்கி, "இளநீர் குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். பொட்டாசியம் அளவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஒன்று கொடுங்கள் என்றேன்.