எல்லைக் கல்லோடு சேர்த்து மழையையும் படிக்க வேண்டும்: மலையகத்தில் காணி வேலை செய்கிறவர்களுக்கு

நான் நில அளவையாளர். கூடவே, புதிதாக வேலைக்கு வரும் அளவையாளர்கள், பிரதேச செயலகக் காணி உத்தியோகத்தர்கள், கிராம உத்தியோகத்தர்கள், பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஆகியோருக்கு நடக்கும் பயிற்சிகளில் வகுப்பும் எடுக்கிறேன். அந்த வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது. நான் படித்த காலத்தில் ஒரு துண்டுக் காணியை எப்படி அளப்பது, எல்லையில் தகராறு வந்தால் என்ன செய்வது, காணி உறுதியை (உரிமைப் பத்திரத்தை) எப்படி வாசிப்பது என்றெல்லாம் நன்றாகவே சொல்லித் தந்தார்கள். அந்தத் துண்டின் மேல் இரண்டு நாள் அடைமழை பெய்தால் அது அங்கேயே இருக்குமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் இலங்கை மலையகத்தில் காணி வேலை செய்ய முடியாது. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்துபோனபோது நாடு முழுக்க 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மலை மாவட்டங்களில்தான் மண்சரிவு ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. மண் நின்ற பிறகு அதிகாரிகள் முன்னால் வந்து நின்ற கேள்விகள் முக்கால்வாசி காணிக் கேள்விகள். இந்த இடத்தில் எத்தனை வீடு இருந்தது, யார் யார் இருந்தார்கள், காணி யாருடையது, இவர்களுக்கு இனி எங்கே இடம், அந்த இடம் நிற்குமா? இதில் ஒன்றுக்காவது மழைக்கு முன்பே கையில் பதில் வைத்திருந்த அலுவலகங்கள் குறைவு.

மீரியபெத்தையை மறந்துவிடக் கூடாது. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் லயங்கள், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. அங்கே மலை சரியக்கூடும் என்ற எச்சரிக்கை பல வருஷம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு இடம் இல்லாதவர்களிடம் போகச் சொல்லித்தான் என்ன? என்னை இன்றுவரை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. முதல் நாட்களில் காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. ஒரு லயத்தில் அன்றைக்கு யார் இருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல ஒரு நல்ல பதிவு கையில் இல்லை. உயிரோடு வந்தவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நீண்ட காலம் அகதிகள் மாதிரி கிடந்தார்கள். எல்லோரும் அதை மீட்புப் பணியில் வந்த குறை என்றே பேசினார்கள். எனக்கு அது காணி நிர்வாகத்தின் குறை.

இந்த நிலைமை ஏன் என்பதைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் தோட்டக் காணியை அலுவலகக் கோப்பில் மட்டும் பார்த்தவர்கள். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தில் இருந்து தோட்டம் தொடங்குகிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன, 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனது, குத்தகை 53 வருஷம், அதாவது 2045 வரை. இதற்கு நடுவில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் நாட்டின் மற்ற விவசாயிகளுக்குக் காணி அனுமதிப்பத்திரம் கிடைத்துக்கொண்டிருந்தது. 1948இல் குடியுரிமை பறிபோன தோட்டத்து மக்களுக்கு அது எட்டவே இல்லை. ஆக, ஐந்தாறு தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு அந்தக் காம்பராவின் (லயத்து அறையின்) மேல் ஒரு கடதாசி கூட இல்லை. தோட்டத்துப் பிளானை எடுத்துப் பாருங்கள். மலை (தேயிலைப் பகுதி) நம்பர் இருக்கும், ரோடு இருக்கும், ஆறு இருக்கும், தொழிற்சாலை இருக்கும். லயம் ஒரு சின்ன நீள்சதுரம். உள்ளே எத்தனை குடும்பம் என்று அந்தச் சதுரம் சொல்லாது.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

முதலில் நான் செய்யச் சொல்வது ஒரு எளிய வேலை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தையும், புதிதாக வீடு கட்டப் பிரித்த காணித் துண்டுகளின் பிளானையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்வேன். அபாய வரைபடம் பெரும்பாலும் 1:10,000 அளவில் வரும். அந்தக் கடதாசியில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 10 மீட்டர். நம் மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் காணி 7 பேர்ச் என்று வைத்துக்கொண்டால் சுமார் 177 சதுர மீட்டர், ஏறக்குறைய 13 மீட்டர் நீளம் 13 மீட்டர் அகலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், முழு வீட்டுக் காணியும் அந்த வரைபடத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டர். அபாய அளவைக் காட்டும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கும் கோட்டின் தடிப்பே அரை வீட்டை விழுங்கிவிடும். இதைக் கையால் அளந்து பார்த்த பிறகு வகுப்பில் ஒரு அமைதி வரும். ஏனென்றால் அதுவரை அவர்களில் பலர் "வரைபடத்தில் சிவப்பு இல்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். அந்த வரைபடம் எந்த மலையைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும், எந்த வீட்டை எங்கே வைக்கலாம் என்று அது சொல்லாது. அதற்கு அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துத் தரும் அறிக்கை வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்ட அந்த நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்ற விதி 2011இல் இருந்து இருக்கிறது. விதி இருப்பதும், ஒரு லயத்துக் குடும்பம் தன் குசினியைப் பின்னால் இரண்டடி நீட்டும்போது யாராவது அதைக் கேட்பதும் வேறு வேறு.

அப்புறம் சரிவு. நாம் பிளானில் போடும் பரப்பு கிடைமட்டப் பரப்பு, அளவையாளர்களுக்கு இது முதல் வருஷப் பாடம். வீடு கட்டுகிறவருக்கு அது தெரியாது. 30 பாகைச் சரிவில் அவருக்கு 7 பேர்ச் கொடுத்துவிட்டு வருகிறோம். அவர் எட்டு மீட்டர் அகலத்தில் தரை சமப்படுத்த வேண்டுமென்றால், முழுவதையும் மலையை வெட்டியே எடுத்தால் பின்பக்கம் நாலரை மீட்டருக்கு மேல் மண் செங்குத்தாக நிற்கும், ஏறக்குறைய 15 அடி. வெட்டிய மண் கீழ் வீட்டுக்காரரின் தலைக்கு மேல் கொட்டப்படும். மேல் வீட்டின் குளியலறைத் தண்ணீர் நேராக அந்த வெட்டில் இறங்கும். இப்படி வரிசையாக இருபது வீடு என்றால் மலையை அடியில் இருந்து அறுக்கிறோம் என்றுதான் அர்த்தம். அதனால் துண்டு பிரிக்கும்போதே கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) எங்கே ஓடும், தாங்கு சுவர் யார் கட்டுவது, கழிவுத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதைப் பிளானிலேயே போட வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். மண் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் 1951லேயே வந்துவிட்டது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

அறைக்குள் இருந்து படிப்பது இவ்வளவுதான். மிச்சத்துக்கு மலை ஏற வேண்டும்.

ஒரு தோட்டத்தில், மழை விட்ட மறுநாள், பயிற்சிக்கு வந்தவர்களோடு லயத்துக்கு மேலே இருக்கும் தேயிலை மலையில் ஏறிக்கொண்டிருந்தோம். நாற்பது வருஷம் அந்த மலையில் கொழுந்து எடுத்த ஒரு அம்மாவையும் கூட்டிப் போயிருந்தோம். ஜீபிஎஸ் கருவியோடு முன்னால் போன இளைஞரை அவர் நிறுத்தினார். "தம்பி, இந்தக் கானைப் பாருங்க. முன்னயெல்லாம் மழை விட்டும் ரெண்டு நாளைக்கு ஓடும். இப்ப மழை பேயுறப்பவே தண்ணி நிக்க மாட்டேங்குது." இளைஞர் குனிந்து பார்த்தார். கானின் அடியில், சருகுக்குக் கீழே, விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அது கானைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து போனது. மேலிருந்து வந்த தண்ணீரெல்லாம் அந்த வெடிப்பு வழியாக மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "அப்ப தண்ணி எங்க வெளிய வருது அம்மா?" என்று கேட்டார். லயத்துப் பின்பக்கம், தொங்கல் (கடைசி) காம்பராவுக்கு அருகில் புதிதாக ஒரு ஊற்று வந்திருப்பதாகவும், தண்ணீர் கலங்கலாக வருவதாகவும் அவர் சொன்னார்.

வெடிப்பு, காணாமல் போகும் தண்ணீர், புது ஊற்று, அதுவும் கலங்கல். சாய்ந்து நிற்கும் மரம், இழுத்தால் சாத்தாத கதவு, இஸ்தோப்புச் (முன் திண்ணைச்) சுவரில் குறுக்கே ஓடும் பிளவு. இவை மலை நகர்வதன் அறிகுறிகள், இதைப் படிக்கப் பட்டம் தேவையில்லை, ஆனால் பட்டம் உள்ளவர் அதை எழுதி, இடத்தைக் குறித்து, பிரதேச செயலாளருக்கும் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அனுப்பினால்தான் நடவடிக்கை வரும். அந்த இளைஞர் அன்றைக்கே அந்த வெடிப்பை வரைபடத்தில் ஏற்றி அனுப்பினார். காணிப் பயிற்சி என்றால் எனக்கு அதுதான்.

அடுத்தது ஆட்களைப் பதிவது. இதில் நம் ஆட்கள் தயங்குவார்கள், "உறுதி இல்லாதவரின் பெயரை எழுதினால் நாளைக்கு அவர் உரிமை கேட்பாரே" என்று. கேட்கட்டுமே. உலக மட்டத்தில் இந்த விவாதம் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டலை நாடுகள் ஏற்றுக்கொண்டது 2012இல், கடதாசி இல்லாதவரின் நியாயமான காணி அனுபவத்தையும் மதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சமூக அனுபவ உரிமையைப் பதிவதற்கென்றே ஐ.நா. வாழ்விட நிறுவனம் பங்காளியாக இருந்து உருவாக்கிய இலவச மென்பொருள் மாதிரியும் இருக்கிறது. ஆள், இடம், அவர்களுக்கு நடுவில் என்ன தொடர்பு, அதற்கு என்ன ஆதாரம் என்று நாலு விஷயத்தை எழுதினால் போதும். ஆதாரமாக வாக்காளர் இடாப்பு, சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மின்சார பில் எதுவும் ஆகலாம். காம்பராவோடு நிறுத்திவிடாதீர்கள். மரக்கறித் தோட்டம், மாட்டுக்கொட்டில், கோயில், மயானம், தண்ணீர் எடுக்கும் பீலி எல்லாம் பதிவில் வர வேண்டும், ஏனென்றால் இடம் மாற்றும்போது வீடு மட்டும் கிடைத்து இவை போய்விட்டால் மக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வருவார்கள். அதைப் பிடிவாதம் என்று எழுதுகிற அதிகாரிகளை எனக்குப் பிடிப்பதில்லை. பால் விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பம் கொட்டில் இல்லாத இடத்தில் எப்படி இருக்கும்?

பெயர் எழுதும்போது கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதுங்கள். தோட்டத்தில் வேலைக்குப் பதிந்தவர் பல வீடுகளில் பெண்தான், ஆனால் வீடு என்று வரும்போது பெயர் ஆணுக்குப் போகிறது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசையில் ஆணுக்கு இருந்த முன்னுரிமையே 2022இல்தான் எடுக்கப்பட்டது.

மாற்றுக் காணி தேடுவது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், இங்கே கொஞ்சமாகச் சொல்கிறேன். குத்தகை கம்பனியிடம், காணியின் உடைமை அரசிடம், நடுவில் காணிச் சீர்திருத்த ஆணைக்குழு முதல் அமைச்சு வரை பல மேசை. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 2018இல் வந்தது, அதே வருஷம் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டு சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்ய வழி கிடைத்தது. இவை இருந்தும் நடைமுறையில் காணி விடுபடுவது மெதுவாகத்தான், விடுபடுகிற காணியும் தேயிலைக்கு ஆகாத மேட்டுக் காணியாக இருந்துவிடுகிறது. தேயிலைச் செடியே நிற்காத சரிவில் வீடு நிற்குமா என்று அதே கூட்டத்தில், அதே மேசையில் கேட்கிற ஆள் அளவையாளராகவோ காணி உத்தியோகத்தராகவோ இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கிற தைரியம் வருவதற்கும் பயிற்சி வேண்டும்.

கடைசியாக மழைக் கணக்கு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டி மழை தொடர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். காணி அலுவலகத்தில் இருக்கிறவருக்கும் இந்த எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எந்த லயம் முதலில் வெளியேற வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிக்கக் கூடியவர் அவர்தான். தோட்ட ஆபீசில் மழைமானி இருக்கும், தினமும் எழுதும் மழைப் புத்தகமும் இருக்கும், சில தோட்டங்களில் பல பத்து வருஷத்துக்குக் கூட. நம்மில் பெரும்பாலோர் அதைத் திறந்து பார்த்ததில்லை. வருஷ மொத்தம் பெரிதாக மாறாமல் ஒரே நாளில் கொட்டும் மழை மட்டும் கூடியிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவ மழை, நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவ மழை. உங்கள் பிரிவுக்கு எது பெரிய மழையோ அதற்கு ஒரு மாதம் முன்பே தோட்ட நிர்வாகத்திடம் அந்த மழைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள், கிராம உத்தியோகத்தரையும் மலை தெரிந்த இரண்டு மூத்த தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு லயங்களின் மேல்பக்கம் நடந்து பாருங்கள், குடும்பப் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பிரதேச செயலகத்திலும் இன்னொன்றை அந்த மலைக்கு வெளியே இருக்கும் பாடசாலையிலும் வையுங்கள்.