மெரிடா மொத்தம் எத்தனை? ஒரே ஸ்பானிஷ் பேர் ஊர் ஊரா பரவுன விதம்

மேப்ல மெரிடான்னு தேடுனா ஸ்பெயின்ல ஒன்னு, மெக்சிகோல ஒன்னு, வெனிசுவேலால ஒன்னு, போதாக்குறைக்கு பிலிப்பைன்ஸ்லயும் ஒன்னு வந்து நிக்கும். பேருக்கு என்ன அவ்ளோ பஞ்சமான்னு தோணும், ஆனா ஒவ்வொன்னும் வந்த வழி வேற.

மூத்தது ஸ்பெயின்ல இருக்கறது. கி.மு. 25ல அகஸ்டஸ் காலத்துல ரிட்டயர் ஆன ரோமப் படைவீரர்களுக்காக உருவாக்குன ஊர், அந்தக் காலத்து தியேட்டர், பாலம் எல்லாம் இன்னைக்கும் நிக்குது. 1542ல மெக்சிகோவோட யுகட்டான்ல மாயா மக்களோட பழைய ஊர் ஒன்னைப் புடிச்ச ஸ்பானியர்கள் அங்க இருந்த பெரிய கல் கட்டடங்களைப் பாத்துட்டு, அட நம்ம மெரிடா மாதிரியே இருக்கேன்னு அந்தப் பேரையே வச்சுட்டாங்க (அப்புறம் அதே கல்லைப் பேத்தெடுத்து சர்ச் கட்டுனாங்க, என்ன சொல்ல). வெனிசுவேலால கதை சிம்பிள், 1558ல அந்த ஊரை ஆரம்பிச்ச ஹுவான் ரோட்ரிகெஸ் சுவாரெஸுக்கு சொந்த ஊரே ஸ்பெயின் மெரிடாதான்.

இந்த சொந்த ஊர்ப் பாசம்தான் நிறைய இடத்துல வேலை செஞ்சிருக்கு. பெரு நாட்டு ட்ருஹியோ, பெருவைப் புடிச்ச ஸ்பானியத் தளபதி பிசாரோ பொறந்த ஊரோட பேரு. மெரிடா, ட்ருஹியோ, மெடலின் மூணுமே ஸ்பெயின்ல எக்ஸ்ட்ரெமதுராங்கற ஒரே ஏரியா, படையெடுத்துப் போனவங்கள்ல நிறைய பேர் அங்கருந்து கிளம்புனவங்க. ஆனா கொலம்பியா மெடலின் அப்படி இல்ல, காலனிகளைக் கவனிச்ச கவுன்சிலோட தலைவர் அப்ப மெடலின் பிரபு, 1675ல அவர் பட்டத்துல இருந்த ஊர்ப் பேரையே வச்சாங்க, அதாவது மேலிடத்துக்கு ஒரு ஐஸ். பிலிப்பைன்ஸ்ல செபு மாகாணத்துல மட்டும் டொலிடோ, ரோண்டா, கம்போஸ்டெலா, சாண்டாண்டர், இன்னொரு மெடலின்னு வரிசையா இருக்கு.

பெரிய தலைவலி சாண்டியாகோ. ஸ்பெயினோட காவல் புனிதர்ங்கறதால போற எடமெல்லாம் அவர் பேருதான், அதனால குழப்பம் வராம இருக்க பின்னாடி உள்ளூர்ப் பேரையும் ஒட்டுனாங்க. கொலம்பியால சாண்டியாகோ டி காலி, ஈக்வடார்ல சாண்டியாகோ டி குவாயாகில், வெனிசுவேலால சாண்டியாகோ டி லியோன் டி கராகஸ். நாளாக ஆக ஜனங்க வாயில எது அடையாளம் காட்டுச்சோ அது மட்டும் தங்குச்சு, காலி, குவாயாகில், கராகஸ்னு ஆகி புனிதர் பேச்சுல காணாமப் போயிட்டார். சிலில மட்டும் தலைகீழ், 1541ல ஊரை ஆரம்பிச்ச ஸ்பானியத் தளபதி வால்டிவியா வச்ச நீளமான பேர்ல வாலு போய் சாண்டியாகோ நின்னுச்சு.

இப்போ இந்தக் குழப்பத்தைப் பிரிக்கற வேலை கம்ப்யூட்டர் தலைல. மேப் சாஃப்ட்வேர் பொதுவா எந்த ஊர் பெருசு, நீங்க எங்க நின்னு தேடறீங்க, கூட என்ன வார்த்தை போட்டீங்கன்னு பாத்து யூகிக்கும். விமானத்துக்கு யூகம் சரிப்படாது, அதனால ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் தனி மூணெழுத்து கோடு, சிலி சாண்டியாகோ எஸ்சிஎல், கியூபால இருக்கற சாண்டியாகோ எஸ்சியு, ஸ்பெயின்ல இருக்கறது எஸ்சிகியூ, கடைசி எழுத்துல கைதவறுனா கண்டமே மாறிடும்.