நடு மணல்ல கரண்டு செத்தா வண்டி வீடு வந்து சேருமா?

போன வாரம் அபுதாபில இருந்து ஒரு தம்பி கூப்பிட்டாரு, சொந்த ஊரு தஞ்சாவூர் பக்கம், லீவு விட்டா போதும் லிவா பாலைவனம் பக்கம் மணல்ல ஏறிடுற ஆளு. "அண்ணே, பழைய லேண்ட் க்ரூசர குடுத்துட்டு ஒரு பெரிய ஹைபிரிட் எடுக்கலாம்னு இருக்கேன், ஆனா நடு பாலைவனத்துல கைவிட்டுடும்னு கூட வர்றவங்க எல்லாம் பயமுறுத்துறாங்க, நீங்க சொல்லுங்க"ன்னாரு. நான் ஷார்ஜா சனையால, அதாவது கராஜுங்க இருக்கற ஏரியால, பதினாறு வருஷமா பெரிய ஃபோர் வீல் வண்டிங்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறேன், இப்பல்லாம் வர்ற வண்டில பாதி, இன்ஜினோட கரண்டு மோட்டாரும் பெரிய பேட்டரியும் சேந்த ஹைபிரிட்தான். போன்ல அரை மணி நேரம் பேசியும் முழுசா சொல்லி முடிக்கல, இதே கேள்விய வேற நாலு பேரும் கேட்டாச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

ஹைபிரிட் ரிப்பேர் ஆகுமான்னு கேட்டா ஆகும், டீசலும் ஆகும், பெட்ரோலும் ஆகும். டவுனுக்குள்ள ஓட்டுற வண்டி நின்னா ரெக்கவரிக்கு போன் பண்ணா ஒரு மணி நேரத்துல வந்துடுவான். லிவால மொரீப் டூன்ங்கற பெரிய மணல் மேட்ட தாண்டி உள்ள போயிட்டீங்கன்னா கதையே வேற, சிக்னல் இருக்காது, ஜூலை மாசம்னா வெயில் ஐம்பது டிகிரிய தொடும், கூட குழந்தைங்க இருக்கும். அதனால மணலுக்குப் போறவங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: வண்டில கரண்டு பக்கம் மொத்தமா செத்துப்போச்சுன்னா, வெறும் இன்ஜின வச்சு அது தார் ரோட்டுக்கு வருமா வராதா? இதுக்கு பதில் வண்டிக்கு வண்டி மாறும், ஷோரூம்ல யாரும் தானா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேட்டு வாங்கணும்.

ராவ்4 மாதிரி டொயோட்டா ஹைபிரிட் வண்டிங்கள எடுத்துக்கோங்க, அதுல செல்ஃப் மோட்டாரும் கிடையாது டைனமோவும் கிடையாது. இன்ஜின சுத்தி ஸ்டார்ட் பண்றதே ஹைபிரிட் மோட்டார்தான், பன்னெண்டு வோல்ட் சின்ன பேட்டரிய சார்ஜ் பண்றதும் பெரிய பேட்டரில இருந்து வர்ற கரண்டுதான். அதனால பெரிய பேட்டரி போச்சுன்னா டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் இன்ஜின் எடுக்காது. டாக்சியா வருஷக்கணக்கா லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுற அருமையான சிஸ்டம் அது, நான் குறையே சொல்லல, ஆனா நடு மணல்ல அது செத்தா முழுசா செத்துடும்.

இத டொயோட்டாக்காரங்களே யோசிச்சிருக்காங்கன்னு அவங்களோட லெக்சஸ் பிராண்டுல எல்எக்ஸ் 700ஹெச் வந்தப்போதான் எனக்கு புரிஞ்சுது. 2024 அக்டோபர்ல அறிவிச்சாங்க, லேண்ட் க்ரூசர் 300ஓட அதே சேசிஸ், 3.5 லிட்டர் வி6 ட்வின் டர்போ, இன்ஜினுக்கும் பத்து ஸ்பீடு ஆட்டோ கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஒரு கிளட்சும் மோட்டாரும். எனக்கு புடிச்ச விஷயம் பவர் இல்ல. செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் அப்படியே தனியா வச்சிருக்காங்க, ஹைபிரிட் சிஸ்டம் நின்னுபோனாலும் பன்னெண்டு வோல்ட் பேட்டரியில இன்ஜின் ஸ்டார்ட் ஆகி பழைய வண்டி மாதிரி ஓடி வரும். பேட்டரிய தண்ணி புகாத ட்ரேல வச்சு தண்ணில எழுநூறு மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கலாம்னு, அதாவது சாதா மாடல் எவ்வளவு இறங்குமோ அவ்வளவே குடுத்திருக்காங்க. இழுவைய முன் பின் சக்கரத்துக்குப் பிரிக்குற டிரான்ஸ்ஃபர் கேஸ், லோ கியர் எல்லாம் அப்படியே பழைய மெக்கானிக்கல்தான், மோட்டாரோட இழுவையும் அது வழியாதான் சக்கரத்துக்குப் போகுது. எடை கூடுது, பின்னாடி சாமான் வைக்கிற இடம் குறையுது, விலை பயங்கரம், எல்லாம் உண்மைதான், ஆனா செத்தா எப்படி சாகணும்னு யோசிச்சு பண்ண வண்டி அது.

கரண்டுன்னாலே பலவீனம்னு நம்ம ஆளுங்க மனசுல ஒரு எண்ணம் இருக்கு, அது தப்பு. நான் திருச்சிக்காரன், பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு சத்தத்துல எந்திரிச்சு வளந்தவன். அங்க வர்ற டீசல் ரயில் இன்ஜின்ல டீசல் நேரா சக்கரத்த சுத்தறது இல்ல, டீசல் இன்ஜின் கரண்டு தயாரிக்கும், அந்தக் கரண்டுல மோட்டார் சுத்தும், இப்படியே அறுபது வருஷத்துக்கு மேல ஓடுது. நிலக்கரி சுரங்கத்துல இருநூறு டன் தூக்குற டம்பரெல்லாம் நிறைய இதே கதைதான், என் சித்தப்பா பையன் சிங்ரௌலி பக்கம் அந்த மாதிரி டம்பர்லதான் வேலை பாக்குறான், பின் சக்கரத்துக்குள்ளயே மோட்டார் இருக்கும், கியர்பாக்ஸே கிடையாது. ஆனா அவன் சொன்ன ஒரு விஷயத்த கவனிக்கணும், அங்க ராத்திரி பகலா ஷிப்டு போட்டு ஆள் நிக்கிது, ஸ்பேர் பார்ட்ஸ் பக்கத்துலயே இருக்கு. மணல்ல உங்க கூட அந்த ஒர்க்‌ஷாப் வராது.

வெறும் பெட்ரோல் வண்டின்னா பயமே இல்லன்னு நினைக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. 2024 மே மாசம் அமெரிக்கால 2022-23 மாடல் டன்ட்ரா பிக்கப், லெக்சஸ் எல்எக்ஸ் சேத்து சுமார் 1,02,000 வண்டிய டொயோட்டா திரும்பக் கூப்பிட்டாங்க, ஃபேக்டரில இன்ஜின் கடைஞ்சப்போ வந்த உலோகத் துகள் சுத்தமா எடுக்காம உள்ளயே தங்கி மெயின் பியரிங் அடிவாங்குதுன்னு. எல்லாம் அந்த வி6 ட்வின் டர்போ, கரண்டு மோட்டார் இல்லாத மாடல். ஹைபிரிட் டன்ட்ராவ அப்போ அந்த லிஸ்ட்ல சேக்கல, இன்ஜின் நின்னாலும் மோட்டார்ல கொஞ்ச தூரம் நகரலாம்ங்கறதுதான் அதுக்கு சொன்ன காரணம். உலகத்துலயே ரொம்ப நம்பிக்கையான கம்பெனின்னு பேர் எடுத்தவங்க இன்ஜினுக்கே இந்த கதி வரும்போது, புதுசா வர்ற எந்த இன்ஜினையும் மோட்டாரையும் முதல் ரெண்டு வருஷம் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கறது நல்லதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

சரி, என் கராஜுக்கு நிஜத்துல என்னென்ன வருதுன்னு சொல்றேன், ஏன்னா பெரிய பேட்டரி தானா செத்து வர்றது நீங்க நினைக்கிற அளவு இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு குடும்பம், கம்பெனி பேரு வேணாம், பெரிய ஹைபிரிட் எஸ்யூவி, ஷார்ஜால மலிஹா பாலைவனம் பக்கம் கேம்ப் போட்டிருக்காங்க, ராத்திரி பூரா பின் கதவ திறந்து வச்சு லைட்டு, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் பன்னெண்டு வோல்ட்ல ஓடிருக்கு. காலைல பட்டன அமுக்குனா ஒண்ணும் இல்ல. பெரிய பேட்டரில சார்ஜ் நல்லாவே இருந்துச்சு, ஆனா அந்தக் கரண்ட வெளிய விடுற ரிலேங்கற சுவிட்ச் ஆன் ஆகணும்னா பன்னெண்டு வோல்ட் வேணும், அது இல்லன்னா பின்னாடி எவ்வளவு கரண்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல. சின்ன பேட்டரி டிக்கிக்குள்ள இருக்கற வண்டி, பின் கதவ எப்பவோ சாத்திட்டாங்க, கரண்டு இல்லாததால திறக்கல. பானட்டுக்குள்ள ஒரு ஓரமா சிவப்பு மூடி போட்ட ஜம்ப் டெர்மினல் இருக்குன்னு அவருக்குத் தெரியல, மூணு மணி நேரம் வெயில்ல நின்னுட்டு எனக்கு போன் பண்ணாரு, போன்லயே இடம் சொல்லி பக்கத்து வண்டில இருந்து ஒயர் போட்டு ரெண்டு நிமிஷத்துல எடுத்துட்டாங்க. ஒரு கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் வண்டில இருந்திருந்தா அந்த மூணு மணி நேரமே கிடையாது. ஆனா அத டிக்கிக்குள்ள வைக்காதீங்க, முன் சீட்டு அடில வைங்க.

அடுத்தது காத்து. நிக்கல் பேட்டரி வச்ச நிறைய ஹைபிரிட், வண்டிக்குள்ள இருக்கற ஏசி காத்த இழுத்துதான் பேட்டரிய குளிர வைக்குது, பின் சீட்டு ஓரத்துல ஒரு கிரில் மாதிரி இருக்கும், உள்ள ஒரு சின்ன ஃபில்டர். மணலுக்குப் போயிட்டு வர்ற வண்டில அந்த ஃபில்டர கழட்டுனா மாவு சலிச்ச மாதிரி தூசி கொட்டுது, அதுக்கு மேல பாய், தலகாணி, ஷூன்னு கிரில்ல வேற அடைச்சு வச்சிருப்பாங்க. ஃபேன் கத்தும், பேட்டரி சூடாகும், கொஞ்ச மாசத்துல ஸ்கேனர்ல பி0ஏ80ன்னு கோடு வரும், பேட்டரிய மாத்துன்னு அர்த்தம், ஆயிரக்கணக்குல திர்ஹம் போகும். கையளவு ஃபில்டர், அஞ்சு நிமிஷ வேலை, அதுக்கு ஆளில்லாம ஒரு பேட்டரி போறத பாக்கும்போது எனக்கு உண்மையிலயே வயிறு எரியும்.

கூலன்ட்டும் அப்படித்தான். இன்ஜினுக்கு ஒரு ரேடியேட்டர் தண்ணின்னா பேட்டரி கரண்ட மோட்டாருக்கு மாத்திக் குடுக்குற இன்வெர்ட்டருக்கு தனியா இன்னொரு டப்பா, சின்ன பம்பு. வழியில குறைஞ்சிருக்குன்னு குழாய் தண்ணிய ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு உள்ள அடைச்சா இன்வெர்ட்டர் சூடாகி வண்டி பவர குறைச்சுக்கும், அதுவும் ஏத்தத்துல நடக்கும்.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம், செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க இத ரெண்டு தடவ படிங்க. 2024 ஏப்ரல் 16 மழைய யாரும் மறந்திருக்க மாட்டீங்க, அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லால ஒரே நாளுக்குள்ள 254.8 மில்லிமீட்டர் கொட்டுச்சு, துபாய் ஷார்ஜால வண்டி எல்லாம் சீட்டு வரைக்கும் முங்கி நின்னுச்சு. அதுல நிறைய வண்டி காயவச்சு, சீட்டு மாத்தி, சென்ட் அடிச்சு மறுபடி மார்க்கெட்டுக்கு வந்துருக்கு. பழைய டீசல்னா முங்குன வண்டிய கழட்டி மாட்டி ஓட்டிடலாம், ஹைபிரிட்ல தண்ணி பேட்டரிக்குள்ளயோ பெரிய பேட்டரி கரண்டு ஓடுற ஆரஞ்சு ஒயர் கனெக்டர்லயோ போயிருந்தா ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு பச்சை களிம்பு பூத்து பாடிக்கு கரண்டு கசிய ஆரம்பிக்கும். இன்சுலேஷன் ஃபால்ட்டுன்னு சொல்லுவோம். அதுல ஒரு கெட்ட பழக்கம் என்னன்னா, நிறைய வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போது ஓட விட்டுடும், ஆஃப் பண்ணிட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகி ரெடின்னு காட்டாது. அதனால மணல்ல ஹைபிரிட் வார்னிங் லைட்டு எரிஞ்சா போட்டோ எடுக்கறேன், செக் பண்றேன்னு உடனே ஆஃப் பண்ணாதீங்க, மெதுவா அப்படியே ரோட்டுக்கு கொண்டு வந்துடுங்க. புகை, கருகுன வாசனை, இல்ல உடனே நிறுத்துன்னு மீட்டர்ல வந்தா மட்டும் அதுக்கு நேர் மாறா, நிறுத்திட்டு எல்லாரும் இறங்கி தூரமா போயிடுங்க, சாமான எடுக்க திரும்பி வராதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி பின் சீட்ட தூக்கிப் பாருங்க, போல்ட்டு தலைல துரு, பெல்ட்ட முழுசா இழுத்தா அடில சேத்துக்கோடு, பேட்டரி மூடி ஓரத்துல மண்ணு, இதுல ஒண்ணு இருந்தாலும் அந்த வண்டி வேணாம்.

பிளக் போட்டு சார்ஜ் பண்ற ஹைபிரிட் பத்தி கேட்டாரு தம்பி. அதுல பேட்டரி பெருசு, பிரச்சினை வந்தா அதுவும் பெருசு. ஜீப் ராங்ளர், கிராண்ட் செரோகி 4எக்ஸ்ஈ ரெண்டையும் பேட்டரி தீப்பிடிக்கலாம்னு பல தடவ திரும்பக் கூப்பிட்டாச்சு, 2025 நவம்பர்ல அமெரிக்கால மட்டும் 3,20,000 வண்டிக்கு மேல, சார்ஜ் போடாதீங்க, வீட்ட விட்டு தள்ளி நிறுத்துங்கன்னு சொன்னாங்க. உங்ககிட்ட அந்த வண்டி இருந்தா சேசிஸ் நம்பர குடுத்து ஏஜென்சில இன்னைக்கே கேளுங்க.

முழு கரண்டு வண்டில மெர்சிடிஸ் ஜி 580 எனக்கு ஆச்சரியம்தான், நாலு சக்கரத்துக்கு நாலு மோட்டார், ஒவ்வொண்ணுக்கும் லோ கியர், தண்ணில 850 மில்லிமீட்டர் வரைக்கும், அதாவது பெட்ரோல் ஜி கிளாஸ விட 150 கூடுதலா இறங்கும். பாறையும், வாதின்னு சொல்ற காஞ்ச ஆத்துப் படுகையும்னா அபாரமா போகும். ஆனா எடை மூணு டன்னுக்கு மேல, பொடி மணல்ல அது புதைஞ்சா கூட வந்த வண்டி இழுக்குமான்னு யோசிங்க, அப்புறம் பொடி மணல் பெட்ரோல எப்படி குடிக்குமோ அப்படியே சார்ஜையும் குடிக்கும், பெட்ரோல்னா கேன்ல கொண்டு போகலாம் பக்கத்து வண்டில இருந்து உறிஞ்சலாம், சார்ஜுக்கு அந்த வழி இல்ல. ஊர்ல இருக்கறவங்க ஃபார்ச்சூனர் நியோ டிரைவ் பத்தி கேக்குறீங்க, அது 48 வோல்ட்டுதான், பெல்ட்ல ஓடுற சின்ன மோட்டார், டீசல் இன்ஜின் அதே பழசு, பயப்பட ஒண்ணும் இல்ல. டைனமோ வேலையையும் அந்த மோட்டாரே பாக்கறதால பெல்ட்ட மட்டும் அசட்டையா விடாதீங்க.

கராஜ்ல வேலை பாக்குற நம்ம பசங்களுக்கு ஒரு வார்த்தை, ஊர்ல இருந்து புதுசா வந்த பையன் ஒருத்தன் வெறுங்கையோட ஆரஞ்சு ஒயர புடிக்கப் போனத நான் கண்ணால பாத்திருக்கேன், அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்த ஒயர்ல நூத்துக்கணக்கான வோல்ட்டு ஓடும், தொட்டா உயிரே போயிடலாம். முதலாளி எவ்வளவு அவசரப்படுத்துனாலும் ஆஃப் பண்ணி சாவிய தூரமா வச்சு, சின்ன பேட்டரி ஒயர கழட்டி, பெரிய பேட்டரி கரண்ட துண்டிக்குற சர்வீஸ் பிளக்க உருவி உன் பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டு, பத்து நிமிஷம் கழிச்சு மீட்டர் வச்சு சீரோன்னு பாத்துட்டுதான் கை வைக்கணும். ஆயிரம் வோல்ட் ரப்பர் கிளவுஸ போடறதுக்கு முன்னாடி வாய்ப்பக்கத்த சுருட்டி காத்து நிக்குதான்னு பாரு, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் தூக்கிப் போடு. உயிர விட கிளவுஸு பெருசு இல்ல.

தம்பிக்கு என்ன சொன்னேன்னா, செல்ஃபும் டைனமோவும் தனியா இருக்கற ஹைபிரிட்டா இருந்தா எடுங்க, இல்லன்னா மணலுக்கு பழைய வண்டியவே வச்சுக்கிட்டு ஆபீஸ் போக சின்ன ஹைபிரிட் எடுங்க, எதுவானாலும் தனியா ஒத்த வண்டில உள்ள போகாதீங்கன்னு. அவரு ஏற்கனவே ஒரு வண்டிய பாத்து வச்சிருக்காராம், 2023 மாடல், விலை சந்தேகப்படுற அளவு கம்மி. சனிக்கிழமை இங்க கொண்டு வர்றேன்னு சொல்லிருக்காரு, பின் சீட்டு அடில இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.