“எத்தனை அடி நிக்குது?”

சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர் முதலில் விசாரிப்பது விதைநெல்லைப் பற்றி அல்ல. “குளத்தில எத்தனை அடி நிக்குது?” என்றுதான் கேட்பார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி. மாரி முடிந்து மிஞ்சியிருக்கும் தண்ணீரைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைப்பதென்று முடிவாகும். வளரும் மூளையும் தன் தாங்கு கலங்களின் தொகையைக் கிட்டத்தட்ட இப்படித்தான் தீர்மானிக்கிறது.

மூளை என்றதும் நரம்புக்கலங்களே நினைவுக்கு வரும். அவற்றைத் தாங்கி நிற்கும் கிளியாக் கலங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவற்றில் ஒருவகையான ஒலிகோடென்ட்ரோசைற்றுகள் நரம்பு நார்களுக்கு மயலின் என்ற கொழுப்புறையைப் போர்த்துகின்றன. உறையில்லாத மெல்லிய நாரில் செக்கனுக்கு 1 மீற்றர் அளவில் ஊரும் துடிப்பு, உறையுள்ள தடித்த நாரில் 100 மீற்றர் வரை பாயும்.

இவற்றின் முன்னோடிக் கலங்களை எலியின் பார்வை நரம்பிலிருந்து பிரித்து லண்டனில் மார்ட்டின் ராஃப் குழுவினர் 1980களில் வளர்த்தார்கள். தனியே விட்டால் அவை பெருகுவதை நிறுத்தி அவசரமாக முதிர்ந்துவிட்டன. அயலில் இன்னொரு வகைக் கிளியாவான அஸ்ட்ரோசைற் கலங்கள் இருந்தால் தொடர்ந்து பெருகின. அங்கிருந்து கசிந்த பொருள் பீடீஜீஎஃப் (PDGF), அதாவது ‘சிறுதட்டிலிருந்து பெற்ற வளர்ச்சிக் காரணி’. குருதிச் சிறுதட்டுகளில் முதலில் கண்டதால் அவற்றின் பெயரையே சுமக்கிறது. மூளையில் அது பார்க்கும் வேலை வேறு.

முன்னோடிக் கலத்தின் மேற்பரப்பில் இந்தக் காரணிக்கென்றே வாங்கிப் புரதங்கள் உண்டு. காரணி மூலக்கூறு இரட்டையானது. தனித்தனியே மிதக்கும் இரு வாங்கிகளை, இரண்டு எருதுகளை ஒரே நுகத்தில் பூட்டுவதுபோல அருகருகே இழுத்துப் பிடிக்கும். சோடி சேர்ந்த வாங்கிகள் ஒன்றில் ஒன்று பொசுபேற்றை ஏற்றுகின்றன. அங்கிருந்து செய்தி கைமாறிக் கலத்தின் கருவை எட்டுகிறது: இரண்டாகப் பிரி.

பிறகு வாங்கியையும் காரணியையும் சேர்த்துக் கலம் உள்ளே விழுங்கிவிடும். வயல் தண்ணீரைக் குடிப்பது போலத்தான். கலங்கள் கூடக்கூட ஆளுக்குக் கிடைக்கும் பங்கு குறைந்து, பெருக்கமும் தளர்கிறது. முதிர்ந்த கலத்திலோ அந்த வாங்கியே இராது. எவ்வளவு ஊற்றினாலும் பிரியாது.

தண்ணீரை அள்ளிக் கொடுத்தால்? காரணியை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். முன்னோடிகள் தாறுமாறாகப் பெருகின. ஆனால் முதிர்ந்த கலங்களின் தொகை கடைசியில் வழக்கமான அளவிலேயே வந்து நின்றது, மிகுதி இறந்துபோனது. புதிதாக முதிர்ந்தவை உயிர்வாழ வேறு காரணிகளும் நரம்பு நாரின் தொடர்பும் வேண்டும். அவை அளவோடுதான் கிடைக்கும். வழக்கமான எலியின் பார்வை நரம்பிலேயே உருவாகும் ஒலிகோடென்ட்ரோசைற்றுகளில் சுமார் பாதி இப்படி மடிகின்றன. விரயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீசி விதைக்கிற எந்தக் கமக்காரன் ஒவ்வொரு மணியையும் எண்ணுகிறான்?

பெருகியது போதும், இனி முதிரலாம் என்று சொல்வதில் தைரொயிட் ஓமோனுக்குப் பெரும் பங்குண்டு. கதிர் முற்றும்போது வாய்க்காலை மறிக்கிற வேலை அது. அந்த ஓமோனைச் செய்ய அயடீன் வேண்டும். கர்ப்பிணிகளிடம் அயடீன் சேர்த்த உப்பையே சமையலுக்குப் பாவிக்கச் சொல்வது கழுத்துக் கழலைக்குப் பயந்து மட்டுமல்ல. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளையில் மயலின் உரிய காலத்தில் போர்த்தப்படவும்தான்.