முடிச்சு போடாத தையல்

ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் வடகோடியில், இன்றைய அவோமோரி மாநிலத்தின் மேற்குப் பகுதிக்கு த்சுகாரு என்று பெயர். சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, பனியாகக் கொட்டித் தீர்க்கும் இடம் அது. பருத்தி அங்கே விளையாது. போதாக்குறைக்கு, 1724இல் அப்பகுதியை ஆண்ட பிரபு நிர்வாகம் விவசாயிகளுக்கென்று ஒரு சிக்கனச் சட்டம் போட்டது: பருத்தித் துணி உடுத்தக் கூடாது. கொட்டும் பனியிலும் உழவர் வீடுகளுக்கு ஆசா என்னும் நார்த்துணிதான் கதி. (கஞ்சாச் செடியின் இனம்தான் ஆசா. நாருக்காக வளர்த்தார்கள், போதைக்காக இல்லை.)

கோடைக்கு அருமையான துணி அது. நார் முரடானது, நெசவில் இடைவெளி அதிகம், காற்று தாராளமாக உள்ளே வரும். மைனஸில் இருக்கும் குளிருக்கு அதே குணம்தான் எமன். வீட்டுப் பெண்கள் அந்த இடைவெளிகளை ஊசி நூலால் அடைக்கத் தொடங்கினார்கள். முதலில் ஆசா நூலால், பிறகு பருத்தி நூல் கைக்கு எட்டியதும் வெள்ளைப் பருத்தி நூலால். நீலச் சாயத் துணியில் வெள்ளை நூல் வரிசை வரிசையாக ஓடும் இந்த வேலைக்கு த்சுகாருவில் கோகின் என்று பெயர். ஜப்பான் முழுக்க உள்ள இந்தத் தையல் குடும்பத்தைப் பொதுவாகச் சாஷிகோ என்கிறார்கள்.

வெறும் நூல் எப்படிக் கதகதப்பைத் தரும்? உடம்பைச் சூடாக வைப்பது நூல் அல்ல, காற்று. அசையாமல் நிற்கிற காற்றின் வெப்பக் கடத்துதிறன் மிகக் குறைவு. தண்ணீரோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் அசையாமல் நிற்க வேண்டும். ஆசா துணியில் காற்று நிற்காது, வீசிக்கொண்டே இருக்கும். முறுக்குக் குறைந்த பருத்தி நூல் அந்த இடைவெளிகளை நிரப்பும்போது, உள்ளே ஆயிரக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் உருவாகின்றன. காற்று வருகிற வழியும் அடைபடுகிறது. ஒரே வேலையில் இரண்டு லாபம்.

இதில் எண்ணிக்கைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. துணியில் கோடு வரைந்துகொண்டு தைப்பதில்லை. துணியில் நெடுக்காக ஓடும் பாவு நூல்களை எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்துகிறார்கள்: 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வளர்ந்து, 5, 3, 1 என்று இறங்கும். ஏழு வரிசை முடியும்போது ஒரு சாய்சதுரம் தானாக விழுந்திருக்கும். துணியில் பாவு நூல் நெருக்கமாகவும், குறுக்காக ஓடும் ஊடை நூல் சற்று அகலமாகவும் இருந்தால் அந்தச் சாய்சதுரம் நெட்டையாகத் தெரியும். கோகினின் அடையாளமே இந்த நெட்டைச் சாய்சதுரம்தான். த்சுகாருவுக்குக் கிழக்கே, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், நான்பு பகுதியில் ஹிஷிஸாஷி என்று ஒரு தையல் இருக்கிறது. அங்கே இரட்டைப்படையில் எண்ணுகிறார்கள். சாய்சதுரம் படுத்த வாக்கில் அகலமாக வருகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்களை எண்ணும் முறையிலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். கோகினின் அடிப்படை வடிவங்களுக்கு அவரை விதை, பூ, பட்டாம்பூச்சி, பூனைக்கண் என்று வீட்டைச் சுற்றி இருப்பவற்றின் பெயர்களே.

ஏன் ஏழெட்டு நூலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்? நூல் துணிக்கு மேலே நீளமாக மிதந்தால் எதிலாவது மாட்டி இழுபடும். மிகக் குட்டையாக இருந்தால் துணி அட்டை போல விறைக்கும். அழகுக்கு வைத்த எல்லை என்று பார்ப்பவர் நினைக்கலாம். போட்டு உழைப்பவருக்கு அது தேவை.

சரி, தையலுக்கே வருவோம். சாஷிகோவில் பெரும்பாலும் ஒரே தையல்தான்: ஓட்டுத் தையல். ஊசி மேலே, கீழே, மேலே, கீழே. பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. வியப்பு என்னவென்றால், பல நேரம் நூலின் தொடக்கத்திலும் முடிவிலும் முடிச்சே போடுவதில்லை. தொடங்கும்போது இரண்டு மூன்று தையல் எதிர்த்திசையில் போட்டு, திரும்பி அதன் மேலேயே தைத்துக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான், வருடக்கணக்கில் நிற்கிறது.

மாட்டுக் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு நுனியை லேசாகப் பிடித்திருந்தால் போதும், மாடு இழுத்தாலும் கயிறு நழுவாது. அதே இயற்பியல்தான் இங்கும். ஒவ்வொரு வளைவிலும் பிடிமானம் கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதற்குச் சூத்திரம் எழுதினார். தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூலுக்கும் துணிக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.3 என்றும், ஒவ்வொரு துளையிலும் நூல் 90 பாகை வளைகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு துளையைத் தாண்டும்போது தாங்கக்கூடிய இழுவிசை 1.6 மடங்காகிறது. பத்துத் துளை தாண்டினால் நூறு மடங்குக்கு மேல். நூல் நுனியைத் துணி மிக லேசாகக் கவ்வியிருந்தாலே போதும், பத்துத் தையலுக்கு அப்பால் இழுப்பவருக்கு அது அசையாத பிடி. முடிச்சுக்கு அங்கே வேலையே இல்லை. முடிச்சு இருந்தால் உடம்பில் உறுத்தும், அந்த இடமே முதலில் தேயும், அது வேறு.

ஆனால் இந்த உராய்வுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நூலை இறுக்கி இழுத்தால் அந்த இறுக்கம் பின்னால் இருக்கிற தையல்களுக்குப் போய்ச் சேராது. இழுத்த இடத்திலேயே தங்கித் துணியைச் சுருக்கும். புதிதாகத் தைப்பவர்களின் துணி அப்பளம் மாதிரி நெளிவது இதனால்தான். இதற்குக் கைகண்ட வைத்தியம், சில தையல்களுக்கு ஒருமுறை தைத்த வரிசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நீவிவிடுவது. இதை இதோகோகி என்கிறார்கள். விரல் நகர நகர, நூல் ஒவ்வொரு துளையிலும் சற்றே நழுவி, இறுக்கம் வரிசை முழுக்கச் சமமாகப் பரவுகிறது. மூலைகளில் திரும்பும்போது துணியின் பின்பக்கம் கொஞ்சம் நூலைத் தளர்வாகவும் விடுவார்கள். முதல் சலவையில் நூலும் துணியும் ஒரே அளவில் சுருங்காது அல்லவா?

கையசைவும் நமக்குப் பழக்கமானதற்கு நேர்மாறு. நடுவிரலின் அடியில் ஒரு தோல் வளையம்; அதில் உள்ளங்கைப் பக்கமாக ஒரு சிறு தட்டு. சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசியின் காதுப்பக்கம் அந்தத் தட்டில் முட்டி நிற்கும். ஊசி அதிகம் அசையாது. இரண்டு கைகளும் துணியை மேலும் கீழுமாக ஆட்டி ஊசியின் மேல் ஏற்றும். பல தையல்கள் மடிப்பு மடிப்பாக ஊசியில் கோத்து நின்ற பிறகுதான் நூலை இழுப்பார்கள். வேகம் ஒரு பலன். அதைவிடப் பெரிய பலன், ஒரே நேரத்தில் அத்தனை தையலும் ஊசியின் மேல் இருப்பதால் ஊசியே அளவுகோலாகிவிடுகிறது. ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தால் வரிசை கோணும்.

துணி எப்படிக் கிழிகிறது என்பதைப் பார்த்தால் இந்தத் தையலின் பலம் புரியும். புதுத் துணியைக் கையால் கிழிப்பது கடினம். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விட்டால் சர்ரென்று போய்விடும். மொத்த விசையும் வெட்டின் முனையில் உள்ள ஓரிரு இழைகள் மீது விழுவதால், ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே போகிறது. சாஷிகோ போட்ட துணியில், சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை, துணியின் இழையைவிடப் பல மடங்கு தடித்த நூல் குறுக்கே நிற்கிறது. கிழிசல் அங்கே வந்து முட்டும். நூல் உடனே அறுவதில்லை, கொஞ்சம் நழுவிக் கொடுத்து விசையைப் பக்கத்துத் தையல்களுக்குப் பகிர்கிறது. துணி இரண்டு அடுக்காக இருந்தால் அடுத்த அடுக்கும் சுமையில் பங்கு வாங்கிக்கொள்ளும்.

தேய்மானக் கணக்கும் அப்படியே. தையல் நூல் துணியின் பரப்பைவிட உயர்ந்து நிற்பதால் முதலில் தேய்வது அதுதான். அதை உருவிவிட்டுப் புது நூல் ஓட்டலாம். துணியைப் புதிதாக நெய்வதைவிட எவ்வளவோ மலிவு. எங்கே தேய்மானம் அதிகமோ அங்கே தையல் நெருக்கம். த்சுகாருவின் மேற்குப் பகுதிக் கோகின் உடைகளில் தோள்பட்டையில் நெருக்கமான கோடுகள் ஓடும். முதுகில் சுமை தூக்குகிறவர்களின் உடை. யமகதா மாநிலத்து ஷோனாய் பகுதியில் மலையிலிருந்து விறகைப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்து வருபவர்களின் மேலாடையில், கயிறு உராயும் இடம் அடர்த்தியாகத் தைக்கப்பட்டிருக்கும். கோகின் உடை பழசாகி வெள்ளை நூல் அழுக்கேறினால், மொத்தத்தையும் மறுபடி நீலத்தில் முக்கி வயதானவர்கள் உடுத்தினார்கள்.

இந்தத் தையலின் உச்சம் என்று நான் சொல்வது தெற்கே, எடோ நகரத்துத் (இன்றைய டோக்கியோ) தீயணைப்பு வீரர்களின் மேலங்கியைத்தான். மரமும் காகிதமும் கொண்டு கட்டிய நகரம். 1657இல் ஒரு பெருந்தீ அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. 1720இல் நகர மக்களின் தீயணைப்புப் படைகளை இரோஹா என்னும் ஜப்பானிய அகரவரிசையின் எழுத்துகளைப் பெயராக வைத்து ஒழுங்குபடுத்தினார்கள். தண்ணீர் பீய்ச்சுவதைவிட, தீ பரவும் திசையில் இருக்கும் வீடுகளைக் கொக்கிக் கழிகளால் இடித்துத் தள்ளுவதே அவர்களின் முக்கிய வேலை. நெருப்புக்கு மிக அருகில் நிற்க வேண்டும். பல அடுக்குப் பருத்தித் துணியைச் சாஷிகோவால் ஒன்றாகத் தைத்த கனத்த அங்கி, போவதற்கு முன் அதைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வார்கள்.

தண்ணீர் ஆவியாவதற்கு அபாரமான வெப்பம் தேவை. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக சுமார் 335 கிலோஜூல்; அதை ஆவியாக்க மேலும் 2,250 கிலோஜூலுக்கு மேல். அங்கியில் ஈரம் இருக்கிறவரை துணியின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது, பருத்தி கருகத் தொடங்குவதோ அதற்கு வெகு மேலே. அடுக்குகள் தண்ணீரைப் பிடித்துவைக்கின்றன. தையல், அந்த அடுக்குகள் ஈரக் கனத்தில் சரிந்து தொங்காமல் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு அதிர்ஷ்டம்: நனைந்தால் பருத்தி இழையின் பலம் குறையாது, கூடும். கம்பளியும் பட்டும் இதற்கு எதிர். அந்த அங்கியில் வெளிப்பக்கம் அடக்கமாக இருக்கும், உள்பக்கம் டிராகனும் வீரர்களுமாக ஓவியம் வரைந்திருக்கும். தீ அணைந்த பிறகு அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊர்வலமாக நடப்பார்கள். அந்த மிடுக்கும் எடோ பண்பாட்டில் சேர்ந்ததே.

வடிவங்களுக்குப் பொருள் சொல்லும் வழக்கம் பிரபலம். ஆசா இலை வடிவத்தைக் குழந்தைகளின் உடையில் தைத்தார்கள்: அந்தச் செடி நேராக, மளமளவென்று வளரும், பிள்ளையும் அப்படி வளரட்டும் என்று, தீயவற்றை அண்டவிடாது என்ற நம்பிக்கையும் உண்டு. ஆமை ஓட்டு அறுகோணம் நீண்ட ஆயுளுக்கு. எனக்கு இதில் பிடித்தது வேறு. நெய்த துணி நெடுக்கிலும் குறுக்கிலும் பலமானது, மூலைவிட்டமாக இழுத்தால் ரப்பர் போல நெகிழும். ஆசா இலையின் சாய்கோடுகள் அந்தப் பலவீனமான திசையில்தான் ஓடுகின்றன. துணி ஓரளவு இழுபட்டதும் நூல் விறைத்துத் தடுக்கும். அதே வடிவத்தில், கோடுகள் சந்திக்கும் நடுப்புள்ளியில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி ஒரு சிறு இடைவெளி விட வேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள். ஏறினால் மேடாகும், மேடு முதலில் தேயும்.

நீலச் சாயம் பாம்பையும் பூச்சியையும் விரட்டும் என்பார்கள். அதை நம்பிக்கையோடு விட்டுவிடுவோம். உறுதியாகச் சொல்லக்கூடியது, அவுரி நீலம் தண்ணீரில் கரையாது, இழையின் வெளிப்பகுதியிலேயே தங்குகிறது. உராய உராய வெளுக்கும்.

1891இல் ரயில் அவோமோரி வரை வந்தது. மலிவான பருத்தியும் கம்பளியும் வந்து இறங்கின, கோகின் வெகு வேகமாக மறைந்தது. குளிருக்காகப் பிறந்த தையல், குளிருக்கு வேறு வழி கிடைத்ததும் போய்விட்டது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நாட்டுப்புறக் கலைகளுக்காகக் குரல் கொடுத்த யானகி சோஎட்சு 1932இல் கோகினைப் புகழ்ந்து எழுதிய பிறகுதான் மறுபடி கவனம் திரும்பியது. தனகா சூசபுரோ என்பவர் அவோமோரியில் கிராமம் கிராமமாகச் சேகரித்த த்சுகாரு, நான்பு சாஷிகோ உடைகளில் 786ஐ ஜப்பான் அரசு 1983இல் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஹிரோசாகி நகரில் இன்றும் ஒரு கோகின் ஆய்வகம் இயங்குகிறது. அது இயங்கும் கட்டடம், கட்டடக் கலைஞர் மாயெகவா குனியோவின் முதல் கட்டடம், 1932இல் கட்டியது.

இப்போது உலகம் முழுக்க ஜீன்ஸ் கிழிசலில் சாஷிகோ போடுவது பரவியிருக்கிறது. நல்லதுதான். பலர் அதற்கு எடுக்கும் பளபளப்பான எம்பிராய்டரி நூல் மட்டும் சரிப்படாது: அது பிரித்துப் பயன்படுத்துவதற்கான தளர்வான ஆறு இழை, மேற்பரப்பும் வழவழப்பு. பிடிமானமே உராய்விலிருந்து வருகிற தையலுக்கு வழவழப்பு எதற்கு? சாஷிகோ நூல் மங்கலாக, சேர்த்து முறுக்கியதாக இருக்கும். பிரிக்காமல் அப்படியே கோக்க வேண்டும். ஜூடோ மேலங்கியைத் தொட்டுப் பார்த்திருந்தால் அரிசி அரிசியாகப் புடைத்த அந்தத் துணி நினைவிருக்கும். தறியில் சாஷிகோவைப் போலவே நெய்த துணி அது, பிடித்து இழுத்தாலும் கிழியாமல் இருப்பதற்காக. கழுத்துப்பட்டையில் மட்டும் அதன் மேல் தனியாக வரிசை வரிசையாகத் தையல் போடுகிறார்கள், எதிராளியின் கை முதலில் போவது அங்கேதான்.