‘கலாச்சார மேலாண்மை’ வேண்டாம்

சேலத்துத் தொழிற்பயிற்சி அழைப்பிதழ்களில் ‘கலாச்சார மேலாண்மை’ என்ற தொடர் கண்ட இடமெல்லாம் கிடக்கிறது. இரு நாட்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போது ஊழியர்களிடையே எழும் உரசலைத் தீர்ப்பதைத்தான் சொல்ல வருகிறார்கள். படித்தால் அறநிலையத் துறையின் புதுப் பிரிவோ என்று தோன்றுகிறது.

ஆங்கில மூலத்திலுள்ள ‘கல்ச்சர்’, உழுவதைக் குறிக்கும் லத்தீன் ‘கொலேரே’யிலிருந்து வந்தது. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி நடுமுன் நிலத்தைப் ‘பண்படுத்து’கிறார்கள் அல்லவா, ‘பண்பாடு’ அந்த வகையில் பொருந்திவிட்டது. ‘மேனேஜ்’, குதிரையைக் கையாண்டு பழக்குவதற்கான இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. வேர் இவ்வளவுதான்.

‘கலாச்சாரம்’ என்றதும் நம் மனம் கோலம், உடை, பண்டிகை என்று போகிறது. மனிதவளத் துறையினரும் பொங்கல் பானை வைத்து, வெளிநாட்டவருக்கு வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்கிறார்கள். உரசல் வேறிடத்தில் இருக்கிறது. 1998இல் கார் நிறுவனங்களான ஜெர்மனியின் டைம்லரும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் சேர்ந்தபோது அமெரிக்க மேலதிகாரிகளின் சம்பளம் ஜெர்மானியருடையதைவிடப் பல மடங்கு. விமானப் பயணத்தில் யாருக்கு எந்த வகுப்பு, முடிவெடுக்குமுன் எவ்வளவு அறிக்கை வேண்டும் என்பதிலும் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. 2007இல் கிரைஸ்லரின் பெரும்பங்கை டைம்லர் தரப்பு விற்றுவிட்டது. பானை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

‘மேலாண்மை’ இன்னும் மோசம். நீர் மேலாண்மை சரி, கழிவு மேலாண்மை சரி. அவை ஒருவர் பொறுப்பில் இருக்கும் பொருள்கள். இங்கே ஒரு தரப்பு மேலே ஏறி உட்காருவதுதான் நோயே. அந்த ‘மேலை’ மருந்தின் பெயரிலும் வைத்தால் எப்படி?

கலித்தொகையின் ‘பாடறிந்து ஒழுகுதல்’ ஆசை காட்டுகிறது. பிறர் இயல்பறிந்து நடப்பது என்ற பொருள் கச்சிதம். ஆனால் இன்று ‘பாடு’ என்றால் படாத பாடுதான் நினைவுக்கு வரும். (இணைப்பில் சிக்கிய ஊழியருக்கு அதுவும் பொருந்தும்.) ‘பணிவழக்கு’ என்றால் நீதிமன்ற வாசனை. பட்டறையில் “அவங்க வழக்கம் வேற, நம்ம வழக்கம் வேற” என்றுதான் பேச்சு. அதையே எடுத்து, ‘பணிவழக்க இசைவு’ என்பேன்.

எத்தனை ரூபாய் வரை யார் கையெழுத்துப் போடலாம், மேலதிகாரி தவறினால் கூட்டத்திலேயே சொல்வதா தனியே சொல்வதா, “பார்க்கலாம்” என்றால் சம்மதமா மறுப்பா, கூட்டம் எந்த மொழியில் என்பவற்றை ஒப்பந்தத்துக்கு முன்பே இரு தரப்பும் தனித்தனியே எழுதி, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விடை மாறும் இடத்தில் பொது விதி ஒன்றை எழுதிவைக்க வேண்டும். 1999இல் பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோ, ஜப்பானின் நிசானோடு கூட்டுச் சேர்ந்தபோது ஆங்கிலம் பொதுமொழியானது. ‘பொறுப்பேற்பு’, ‘அதிகாரம்’, ‘இலக்கு’ போன்ற சொற்களை இரு தரப்பும் வேறுவேறாகப் புரிந்துகொண்டதால் அவற்றுக்கு ஓர் அகராதியே தொகுத்தார்கள்.

நம் மொழிபெயர்ப்பாளர்களோ நிறுவனங்கள் ஒன்றாவதற்கும் இணைப்பு, ஒருவரை ஒருவர் வாங்குவதற்கும் இணைப்பு என்கிறார்கள். சமையல் எரிவாயுவுக்கும் அதே இணைப்புதான். கிரைஸ்லரை வாங்குவதை டைம்லர் ‘சமமானவர்களின் இணைப்பு’ என்று சொல்லி ஏமாற்றியதாகப் பங்குதாரர்கள் வழக்குப் போட, 2003இல் 30 கோடி டாலர் கொடுத்துச் சமரசமானது. வாங்குவதைக் ‘கையகப்படுத்தல்’ என்றே எழுதலாம். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுக்க அளவை நடந்த 2018க்குப் பிறகு சேலத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை.