லிக்னைட்: சொல் விளக்கம்

லத்தீனில் மரத்துக்கு இரண்டு சொற்கள். வீடு கட்ட எடுப்பது மாத்தேரியா, அடுப்பில் வைப்பது லிக்னும். உயிலில் ஒருவருக்கு ‘லிக்னும்’ என்று எழுதி வைத்தால் அவருக்கு விறகுதான் கிடைக்கும், உத்தரம் கிடைக்காது என்கிற அளவுக்கு ரோமானியச் சட்டத் தொகுப்பு இதைப் பிரித்து வைத்திருக்கிறது. லிக்னைட் என்கிற மட்டரக நிலக்கரியின் பெயர் அந்த விறகிலிருந்து வந்தது.

பொருத்தமான பெயர்தான். கட்டியை உடைத்தால் சில சமயம் மரத்தின் ரேகை அப்படியே தெரியும். பாதி மக்கி, இன்னும் கரியாகி முடியாத மரம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் வெட்டும் லிக்னைட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். வெயிலில் போட்டால் வெடித்து உதிரும். எரிபொருளாக மட்டம்தான்.

தமிழில் பழுப்பு நிலக்கரி. நிறத்தைச் சொல்கிறது, மரத்தைச் சொல்லவில்லை. மரக்கரி என்று வைக்கவும் வழியில்லை, அது ஏற்கெனவே அடுப்புக்கரிக்குப் போய்விட்டது. நெய்வேலிப் பக்கம் லிக்னைட் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

சிக்கல் ஆங்கிலத்தில் இதற்கு முன்னால் வரும் ‘யுரேனியம்-பேரிங்’ (uranium-bearing) என்கிற அடைமொழியில். இரண்டு டகோட்டா மாநிலங்களிலும் சில லிக்னைட் படுகைகளில் யுரேனியம் இருக்கிறது. சாதாரண நிலக்கரியில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு இருந்தால் அங்கே ஆயிரம் பங்கையும் தாண்டும். இதை ‘யுரேனியம் தாங்கிய’ என்று மொழிபெயர்க்கலாம், தப்பில்லை. எனக்கு ‘யுரேனியம் ஏறிய’ என்பதே சரியாகப் படுகிறது. உப்பு ஏறிய கிணறு, சாயம் ஏறிய துணி என்கிறோமே, அந்த ஏற்றம். ஏனென்றால் யுரேனியம் மரத்தோடு பிறந்ததல்ல, பின்னால் வந்து சேர்ந்தது. மேலே எரிமலைச் சாம்பல் கலந்த பாறை. அதில் இறங்கும் மழைநீரில் ஆக்சிஜன் இருப்பதால் யுரேனியம் கரைந்து கூடவே வருகிறது. கீழே மக்கிய மரத்தின் ஹியூமிக் அமிலங்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் அது கரையாத வடிவத்துக்கு மாறித் தங்கிவிடுகிறது. அதனால்தான் தண்ணீர் முதலில் தொடும் மேல் படுகையில் பெரும்பாலும் செறிவு அதிகம். தண்ணீரோடு ஆர்சனிக்கும் மாலிப்டினம் என்கிற உலோகமும் வந்து ஏறிக்கொள்கின்றன.

1960களில் வடக்கு டகோட்டாவின் பெல்ஃபீல்டிலும் போமன் அருகிலும் சூளை வைத்து இதை எரித்தார்கள். வெப்பத்துக்காக அல்ல, சாம்பலுக்காக. மரம் எரிந்து போனால் உலோகம் சாம்பலில் செறியும். அந்தச் சாம்பல் கொலராடோவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் ஆலைகளுக்குப் போனது. மிச்சம் சூளையடி மண்ணில் கிடந்தது, யுரேனியம் சிதைந்து வரும் ரேடியமும் அதில் சேர்த்தி.

கேடு கதிரியக்கத்தில் மட்டும் அல்ல, மாட்டிலும் தெரிந்தது. மாலிப்டினம் படிந்த புல்லைத் தின்றால் அந்த மாலிப்டினம் அசைபோடும் வயிற்றில் கந்தகத்தோடு சேர்ந்து தாமிரத்தைக் கட்டிவிடும். உடம்புக்குத் தாமிரம் கிடைக்காது. மாடு கழியும், இளைக்கும், கறுப்பு மாட்டின் மயிர் செம்பட்டையாகும். தெற்கு டகோட்டாவின் கேவ் ஹில்ஸில் எரிக்காமல் தோண்டிப் போட்ட மேல்மண்ணுக்கும் இதே கதைதான். அங்கே ரைலி பாஸ் என்ற இடத்தில் மூடாமல் விட்ட குழிகளிலிருந்து மழைக்கு மழை ஆர்சனிக் கலந்த வண்டல் ஓடைகளில் இறங்கியது.